உப்பு நீர்த் தொட்டியில் பிளாக் வார்ம்: எவ்வளவு, எப்படி, எதுவரை?

கேள்வி: தூத்துக்குடி அருகே கடல் வண்ண மீன் வளர்த்து விற்கிறேன். 500 லிட்டர் தொட்டியில் விட்ட மூன்று காப்பர்பேண்ட் பட்டர்ஃபிளை மீன்கள் பெல்லட்டையும் உறைந்த இறாலையும் தொடவே இல்லை. உயிருள்ள பிளாக் வார்ம் ஒரு கைப்பிடி போட்டதும் பாய்ந்து தின்றன. மீதிப் புழு சில நிமிடங்களில் செத்துவிட்டது. மறுநாள் தண்ணீர் பால்போல் கலங்கி, மீன்கள் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. புழுவில் விஷமா? அதை உப்புக்குப் பழக்க முடியுமா? தொடர்ந்து கொடுக்கலாமா?

பதில்: முதலில் தொட்டியைக் கவனியுங்கள். இன்று தீனியே வேண்டாம். பாறை இடுக்கு, மணல், பில்டர் பஞ்சு ஆகியவற்றில் சிக்கிய புழுவைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்துவிட்டு, மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள். புதுத் தண்ணீரின் உப்பும் வெப்பமும் தொட்டியில் இருப்பதற்குச் சமமாக இருக்க வேண்டும். காற்றோட்டத்தைக் கூட்டி, கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மரை நிறுத்தாமல் ஓட்டுங்கள். அம்மோனியா சோதனைக் கிட்டில் நிறம் காட்டுவது நிற்கும்வரை தினமும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். இந்த நேரத்தில் பிஎச் (தண்ணீரின் அமில-காரத் தன்மை அளவு) கூட்டும் பவுடர் எதுவும் போட்டுவிடாதீர்கள்.

புழுவில் விஷம் இல்லை, அளவுதான் கெடுத்தது. பிளாக் வார்ம் நன்னீர்ப் புழு, தோலால் சுவாசிப்பது. அதன் உடல்நீரைவிடக் கடல்நீர் பல மடங்கு உப்பானது என்பதால் உடம்பிலுள்ள நீர் வெளியே இழுக்கப்பட்டுச் சில நிமிடங்களில் சாகும். செத்தது அழுகும்போது பாக்டீரியா பெருகித் தண்ணீர் வெளுக்கிறது, ஆக்சிஜனையும் அதுவே தின்றுவிடுகிறது. கடல்நீரில் கரையும் ஆக்சிஜன் நன்னீரைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு என்பதால் மீன் சீக்கிரமே மூச்சுத் திணறும். இதோடு அம்மோனியாவும் சேர்கிறது. பிஎச் 8.2 உள்ள கடல்நீரில் அதன் நச்சு வடிவம், பிஎச் 7 உள்ள நன்னீரில் இருப்பதைவிடப் பத்து மடங்குக்கும் மேல். கப்பி போன்ற நன்னீர் மீன் வளர்ப்பவர் ஒரு பிடி புழு போட்டுத் தப்பிக்கலாம், நீங்கள் தப்ப முடியாது.

உப்புக்குப் பழக்கும் வேலை வீண். எவ்வளவு மெதுவாக ஏற்றினாலும் முழுக் கடல்நீரை இந்தப் புழு தாங்காது. அது நெளியும் முதல் இரண்டு மூன்று நிமிடம்தான் உங்களுக்குக் கிடைக்கும் நேரம். அதற்குள் மீன் தின்று முடிக்கும் அளவே போட வேண்டும்.

10 முதல் 12 சென்டிமீட்டர் மீன் ஒன்றுக்கு ஒரு வேளைக்குப் பத்துப் பதினைந்து புழு, நாளைக்கு இரண்டு மூன்று வேளை. போடும் முன் நீரோட்டம் உண்டாக்கும் பவர்ஹெட்டையும், பில்டரிலிருந்து தண்ணீரைத் தொட்டிக்குத் திருப்பும் ரிட்டர்ன் பம்பையும் நிறுத்துங்கள், ஏர் ஸ்டோன் மட்டும் ஓடட்டும். கண்ணாடியில் ஒட்டும் துளைக் கூம்பில் புழுவை வைத்தால் ஒவ்வொன்றாக வெளியே வரும், மீனும் அந்த இடத்துக்குப் பழகிக்கொள்ளும். கூம்பு இல்லையென்றால் பிப்பெட்டால் மீனின் முகத்துக்கு நேரே ஐந்து ஐந்தாக விடுங்கள். பத்து நிமிடத்தில் மிச்சத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் பம்பைப் போடுங்கள். பலர் பம்பைத் திரும்பப் போட மறந்துவிடுகிறார்கள். அதற்கு ஒரு டைமர் வாங்கி வைப்பது நல்லது.

புழு இருந்த தண்ணீரைத் தொட்டியில் ஊற்றக் கூடாது. வலையில் வடிகட்டி, குளோரின் நீக்கிய தண்ணீரில் அலசிப் புழுவை மட்டும் போடுங்கள். அலசக் குழாய்த் தண்ணீரை நேரடியாகப் பிடித்தால் அந்தக் குளோரினே புழுவைக் கொன்றுவிடும். வாங்கி வந்த அன்றே கொடுக்காமல் ஒரு நாள் சுத்தமான தண்ணீரில் விட்டுக் குடலைக் காலியாக்கிக் கொள்ளுங்கள்.

நம் ஊர் வெயிலில் வெளியே வைத்தால் புழு தாங்காது. அகலமான தட்டில் புழு மூழ்கும் அளவுக்கே தண்ணீர் விட்டு ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து, தினமும் தண்ணீர் மாற்றுங்கள். ஆழமான டப்பாவில் குவித்தால் அடியிலுள்ளவை மூச்சுமுட்டிச் சாகும். வெளுத்துக் குழைந்து நாற்றம் வந்த புழுவை மீனுக்குக் கொடுக்காதீர்கள்.

கடைகளில் பிளாக் வார்ம் என்று டியூபிஃபெக்ஸை விற்பதும் உண்டு. டியூபிஃபெக்ஸ் சிவப்பாக, நூல்போல மெல்லியதாக, பந்தாகச் சுருண்டு கிடக்கும். பிளாக் வார்ம் பழுப்பு கலந்த கருமை, சற்றுத் தடிமன், தொட்டால் நெளிந்து நீந்தி ஓடும். டியூபிஃபெக்ஸ் பெரும்பாலும் சாக்கடைச் சேற்றிலிருந்து வருவதால் நான் பரிந்துரைப்பதில்லை. கடல்மீனின் வெண்புள்ளி நோய்க் கிருமி நன்னீர்ப் புழுவோடு வராது என்பது பிளாக் வார்மில் உள்ள ஒரு நிம்மதி.

தொடர்ந்து கொடுக்கலாமா என்றால், முழுத் தீனியாக வேண்டாம். கடல் மீன்களுக்குத் தீனி வழியாகவே கிடைக்க வேண்டிய டிஎச்ஏ என்ற ஒமேகா-3 கொழுப்பு இந்தப் புழுவில் மிகக் குறைவு. மாதக்கணக்கில் இதையே தின்றால் மீன் பார்வைக்குக் கொழுத்திருக்கும், நிறமும் எதிர்ப்புச் சக்தியும் இறங்கும். மீனைத் தின்னத் தொடங்க வைக்க மட்டும் இதைப் பயன்படுத்துங்கள்.

மீன் ஒரு வாரம் தயங்காமல் புழு தின்ற பிறகு மாற்றத் தொடங்கலாம். கூம்பில் புழுவோடு உறைந்த மைசிஸ் இறாலைக் கலந்து வையுங்கள். முதலில் நான்கில் ஒரு பங்கு, மூன்று நாளுக்கு ஒருமுறை கூட்டுங்கள். மாலை வேளையில் மட்டியைப் பிளந்து பாதி ஓட்டோடு பாறையில் வைத்தால், இந்த மீன் நீண்ட மூக்கால் கொத்தி எடுக்கும், அதன் இயல்பான மேய்ச்சலும் அதுதான். மிச்சச் சதையை அன்றிரவே எடுத்துவிட வேண்டும். கலவையைத் தின்ன மறுத்தால் ஒரு படி பின்னுக்குப் போங்கள், பட்டினி போட்டுப் பழக்க நினைக்காதீர்கள், ஏற்கெனவே மெலிந்த மீன் அதில் மீளாது. முதுகு மேட்டில் சதை வற்றியிருக்கிறதா என்று எதிரே நின்று பார்த்தால் தெரியும்.

மூன்று வாரம் கழித்தும் பெல்லட்டைத் தொடவில்லை என்று கவலைப்பட வேண்டாம். காப்பர்பேண்டுகளில் பல கடைசிவரை அதைத் தொடுவதே இல்லை. மட்டியும் மைசிஸும் எடுத்தால் விற்பனைக்கு அனுப்பலாம். வாங்குபவரிடம் என்ன தீனி, எத்தனை வேளை என்று எழுதிக் கொடுத்தனுப்புங்கள்.