மழைநீர்ச் சுரங்கத்தின் மூடியை வீசியெறிவது நீரா, காற்றா?

பெருமழையில் மழைநீர்ச் சுரங்கத்தின் மூடி ஏன் தூக்கியெறியப்படுகிறது, அது யாழ்ப்பாணத்திலும் நிகழுமா என்று கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் குற்றவாளி காற்றே. சுரங்கம் விரைந்து நிரம்புகையில் நீரலைகளுக்கிடையே சிக்கி அமுங்கும் காற்று, மூடிக்குக் கீழுள்ள செங்குத்துக் குழியை அடைந்ததும், தன்னைவிடப் பலநூறு மடங்கு அடர்த்தியான நீரை ஊடறுத்து மேலெழுந்து, அந்நீரையும் மூடியையும் தன்னோடு வீசியெறிகிறது. கிணற்றுக்குள் கவிழ்த்து அமிழ்த்திய வாளியைச் சற்றே சரித்தால் குபீரென்று பொங்குவது இதன் சிற்றுருவம். அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில், நெடுஞ்சாலை வெள்ளத்தை வடிக்கும் சுரங்கமொன்றில், அளந்த நீரழுத்தம் நீரைத் தரைமட்டம்வரை உயர்த்தப் போதாதிருந்தபோதும் நீர் பீறிட்டது. ஆகவே குழாயைப் பெருப்பித்தால் மட்டும் போதாது. காற்று வெளியேற வழியும் வேண்டும். யாழ்ப்பாண நகரின் வாய்க்கால்களோ பெரும்பாலும் ஆழமற்றவை. அவற்றில் காற்று இவ்வாறு சிறைப்படாது. நமது தொல்லை வெள்ளம் வடியாமல் தேங்குவதுதான்.