பழைய வெஸ்பா பிஎக்ஸ், எல்எம்எல் ஸ்கூட்டரில் ட்யூப்லெஸ் டயர் போட முடியுமா?

போடலாம், ஆனால் ரிம்மையும் சேர்த்து மாற்ற வேண்டும். கம்பெனி ரிம் இரண்டு பாதிகளை போல்ட் போட்டுச் சேர்த்தது. அந்த இணைப்பு வழியாகவே காற்று போய்விடும். சிலர் சிலிகான் தடவி அடைக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். ட்யூப்லெஸ் ரிம்மில் டயர் விளிம்பைப் பிடித்து நிறுத்த உள்பக்கம் ஒரு மேடு உண்டு. அது இல்லாத ரிம்மில் காற்று குறைந்தால், வளைவில் டயர் நழுவிவிடும்.

ஐந்து துளை உள்ள, ஒரே துண்டாக வரும் 10 இஞ்ச் அலுமினிய ரிம் வாங்குங்கள். டயர் 3.50-10, பக்கவாட்டில் ‘ட்யூப்லெஸ்’ என்று அச்சிட்டிருக்க வேண்டும். முக்கியமாகக் கவனிக்க வேண்டியது ஸ்டட், அதாவது ரிம்மை நுழைத்து நட்டு போடும் மரை வைத்த கம்பி. அலுமினிய ரிம் இரும்புத் தகட்டைவிடத் தடிமன் என்பதால், நட்டை முழுக்க இறுக்கிய பிறகும் இரண்டு மரையாவது வெளியே தெரியணும். தெரியவில்லை என்றால் நீளமான ஸ்டட் போடாமல் வண்டியை எடுக்காதீர்கள்.

மாட்டியதும் சக்கரத்தைக் கையால் சுற்றி, வால்வு எங்கும் இடிக்கவில்லை என்று பாருங்கள். விளிம்பிலும் வால்வு அடியிலும் சோப்புத் தண்ணீர் ஊற்றினால் கசிவு குமிழாகத் தெரிந்துவிடும். காற்று: முன்னால் 18 பிஎஸ்ஐ, பின்னால் 25, இரண்டு பேர் போனால் பின்னால் 36.

ஸ்டெப்னியாகப் பழைய ட்யூப் ரிம்மே போதும். புது ரிம்மோடு தனி நட்டு வந்திருந்தால் பழைய நட்டுகளையும் டிக்கியிலேயே வைத்திருங்கள்.