192 என்று பெட்டியில் போட்டிருந்தால் போதுமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "உரிமத்தோடு நடக்கும் ஒரு சின்ன எஃப்எம் நிலையத்தின் தொழில்நுட்ப வேலையை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். கணினியில் ஒலியைச் சீராக்கும் ஸ்டீரியோ டூல் மென்பொருள் ஓடுகிறது. லேப்டாப்பின் ஹெட்போன் துளையிலிருந்து டிரான்ஸ்மிட்டருக்கு ஒயர் போகிறது. காரில் மின்னல் எஃப்எம்மிலிருந்து எங்கள் அலைவரிசைக்கு மாற்றினால் சத்தம் மெலிந்து கேட்கிறது. 192 கிலோஹெர்ட்ஸ் சவுண்ட் கார்டு வாங்கினால் சரியாகுமா? யுஎஸ்பி பெட்டி ஒன்றும் பழைய பிசிஐ கார்டு ஒன்றும் பார்த்து வைத்திருக்கிறேன்."

கார்டு மட்டும் வாங்கினால் சரியாகாது. எஃப்எம்மில் சத்தம் வாட்ஸிலிருந்து வருவதில்லை. அலைவரிசை எவ்வளவு தூரம் விலகி ஆடுகிறது என்பதிலிருந்து வருகிறது. அந்த டீவியேஷனின் எல்லை இருபுறமும் 75 கிலோஹெர்ட்ஸ். பெரிய நிலையங்கள் அந்த எல்லையை ஒட்டியே ஓட்டுகின்றன. உங்கள் ஒலியில் எங்கோ ஓர் உச்சம் தாண்டிக் குதிக்கிறது. அதற்குப் பயந்து மொத்த அளவையும் இறக்கி வைத்திருக்கிறீர்கள். மெலிந்து கேட்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

ஆகவே பணத்தை எடுப்பதற்கு முன் டிரான்ஸ்மிட்டரின் பின்பக்கத்தைப் பாருங்கள். இடம், வலம் என்று இரண்டு துளைகள் மட்டும் இருந்தால் இடவல ஒலிகளை ஒரே அலையாகக் கலக்கும் ஸ்டீரியோ என்கோடர் உள்ளேயே இருக்கிறது என்று பொருள். அதற்கு 192 தேவையே இல்லை, 48 கிலோஹெர்ட்ஸில் சுத்தமாக ஓடும் நல்ல கார்டு போதும். ஆனால் ஸ்டீரியோ டூல் அரும்பாடுபட்டு வெட்டிச் சமன்செய்த உச்சங்கள் டிரான்ஸ்மிட்டருக்குள் இருக்கும் 15 கிலோஹெர்ட்ஸ் வடிகட்டியைக் கடக்கும்போது மறுபடி தலைதூக்கும். அதற்கு இடம் விட்டு அளவைக் குறைத்தே ஆகவேண்டும்.

எம்பிஎக்ஸ் என்றோ காம்போசிட் என்றோ எழுதிய பிஎன்சி துளை (திருகி மாட்டும் வட்டத் துளை) ஒன்று இருந்தால் கதை வேறு. அப்போது என்கோடர் வேலையையும் மென்பொருளே செய்துவிடும். கார்டிலிருந்து வெளிவருவது பாட்டு அல்ல, முழு எம்பிஎக்ஸ் அலை. அதில் 15 கிலோஹெர்ட்ஸ் வரை மோனோ, 19-இல் பைலட் (இது ஸ்டீரியோ என்று ரேடியோவுக்குச் சொல்லும் தொனி), 23 முதல் 53 வரை இடவல வேறுபாடு, ஆர்டிஎஸ் (நிலையத்தின் பெயரை ரேடியோ திரையில் காட்டும் தரவு) போட்டால் 57-இல் அதுவும் இருக்கும். கார்டு தன் சாம்பிளிங் வேகத்தில் பாதி வரைதான் ஒலியைத் தரமுடியும். 96 கிலோஹெர்ட்ஸ் கார்டு 48-இலேயே நின்றுவிடும். 192 தேவைப்படுவது இதற்காகத்தான், பாட்டு இனிமையாகக் கேட்பதற்காக அல்ல.

பெட்டியில் 192 என்று அச்சடித்திருப்பதை அப்படியே நம்பிவிடவும் கூடாது. சில கார்டுகள் அந்த வேகத்தில் ஓடும், ஆனால் வெளியீட்டு வடிகட்டி 30, 40 கிலோஹெர்ட்ஸிலேயே சரிய ஆரம்பித்துவிடும். வேறுபாட்டு அலை மோனோவைவிட 1 டெசிபெல் தாழ்ந்தால் போதும், இடவலப் பிரிப்பு ஏறத்தாழ 25 டெசிபெலுக்கு வந்துவிடும். ஆர்ஈடபிள்யூ என்ற இலவச மென்பொருளை 192-இல் வைத்து, கார்டின் வெளியீட்டை அதன் உள்ளீட்டுக்கே சுற்றிக் கொடுத்து ஒரு ஸ்வீப் (தாழ்விலிருந்து உயர்வுவரை ஏறும் தொனி) ஓட்டிப் பாருங்கள். 60 கிலோஹெர்ட்ஸ் வரை கோடு தட்டையாக இருக்கவேண்டும்.

உயர்ந்த அதிர்வுகள் இருக்கும் மேல்பக்கத்தைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள். நிலையங்கள் சறுக்குவது பெரும்பாலும் கீழ்ப்பக்கத்தில். பல கார்டுகளின் வெளியீட்டில் ஒரு கெப்பாசிட்டர் நிற்கும், அது மிகத் தாழ்ந்த அதிர்வுகளைத் தடுக்கும். பாஸ் அடிக்கும்போது மென்பொருள் தட்டையாக வெட்டிய அலையின் தலை அதனால் சாய்ந்துபோகும். கணக்கில் பார்ப்போம். கார்டின் கீழெல்லை 2 ஹெர்ட்ஸ் என்றால், 50 ஹெர்ட்ஸ் சதுர அலையின் உச்சம் சுமார் 6 விழுக்காடு கூடும், 75 என்று நீங்கள் வைத்தது 80-ஐத் தொடும். 0.2 ஹெர்ட்ஸ் என்றால் 1 விழுக்காடுகூட ஏறாது. நமது பாட்டுகளில் தவில், உறுமி, இப்போது வரும் குத்துப்பாட்டின் பாஸ் எல்லாம் இந்த இடத்தில்தான் அடிக்கும். எனவே விவரக்குறிப்பில் "20 ஹெர்ட்ஸ் முதல்" என்று இருப்பதை வைத்து முடிவெடுக்காதீர்கள், அந்தக் கெப்பாசிட்டர் இல்லாத டிசி கப்பிள்டு வெளியீடு உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றாலும் ஸ்டீரியோ டூலில் இந்தச் சாய்வை ஈடுகட்டும் வசதி இருக்கிறது. அலையின் வடிவத்தைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப்பில் சதுர அலையைப் பார்த்துக்கொண்டே தலை தட்டையாகும்வரை திருப்பவேண்டும். காதால் முடியாது.

கார்டு வந்த பிறகு விண்டோஸை அடக்குவது முதல் வேலை. முடிந்தால், விண்டோஸைச் சுற்றிக்கொண்டு நேரே கார்டோடு பேசும் ஏசியோ டிரைவர் வழியாகவே ஓட்டுங்கள். இல்லையேல் சவுண்ட் அமைப்பில் 24 பிட், 192000 என்று வைத்து, என்ஹான்ஸ்மென்ட் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். விண்டோஸ் நடுவில் புகுந்து வேகத்தை மாற்றினால் எம்பிஎக்ஸ் குலைந்துபோகும். மதர்போர்டிலேயே இருக்கும் சவுண்டை விண்டோஸுக்கு விட்டுவிடுங்கள், வாட்ஸ்அப் மணி ஊருக்கெல்லாம் கேட்கவேண்டியதில்லை. வெளியீட்டு வால்யூமை முழுதாக வைத்து, அளவை டிரான்ஸ்மிட்டரில் சரிசெய்யுங்கள். யுஎஸ்பி துளையைத் தூங்கவைக்கும் மின்சேமிப்பு வசதியையும் நிறுத்துங்கள்.

ப்ரீ எம்ஃபசிஸ், அதாவது அனுப்புமுன் உயர்ந்த ஒலிகளைத் தூக்கிவிடுவது, ஒரே இடத்தில்தான் இருக்கவேண்டும். நமக்கு 50 மைக்ரோசெகண்ட், 75 அமெரிக்காவுக்கு உரியது. 50 என்பது 15 கிலோஹெர்ட்ஸை ஏறத்தாழ 13.7 டெசிபெல் தூக்கிவிடும். மென்பொருளிலும் போட்டு டிரான்ஸ்மிட்டரிலும் போட்டால் அது இரட்டிப்பாகி, அறிவிப்பாளரின் ஒவ்வொரு 'ஸ'வும் காதைக் குத்தும். எம்பிஎக்ஸ் துளைவழி போனால் பெரும்பாலும் டிரான்ஸ்மிட்டரின் ப்ரீ எம்ஃபசிஸ் விலகிக்கொள்ளும், கையேட்டைப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

ஒயரைக் குட்டையாக வையுங்கள். கடைவீட்டு மாடியில் ஆண்டெனா, கீழே ஸ்டூடியோ என்றால் ரேடியோ அலை யுஎஸ்பி ஒயருக்குள் புகுந்து கார்டைத் துண்டித்துவிடும், இரு முனையிலும் ஃபெரைட் (அந்த அலையைத் தடுக்கும் வளையம்) மாட்டுங்கள். 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் வந்தால் கணினியையும் டிரான்ஸ்மிட்டரையும் ஒரே சாக்கெட் வரிசையில் போட்டுப் பாருங்கள். ரீங்காரத்தை நிறுத்த என்று சாதாரண ஆடியோ டிரான்ஸ்ஃபார்மரை எம்பிஎக்ஸ் வழியில் வைக்கக்கூடாது, அது மேலும் கீழும் இரண்டையும் சிதைக்கும். மின்தொடர்பைப் பிரிக்கும் மலிவான யுஎஸ்பி ஐசொலேட்டரும் உதவாது, பல 12 மெகாபிட் வேகத்தோடு நின்றுவிடும், 192-க்கு அது பத்தாது. பேராக் இடிமழையைப் பற்றி உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை, எர்த் சரியாக இல்லாத மாடியில் நல்ல கார்டை மாட்டாதீர்கள்.

பிறகு அளவு. விலை உயர்ந்த மானிட்டர் இல்லாமலே துல்லியமாக வைக்கலாம். ஆண்டெனாவுக்குப் பதிலாக டம்மி லோடு (சக்தியை வெளியே விடாமல் விழுங்கும் சுமை) மாட்டி, பைலட்டையும் பாட்டையும் நிறுத்தி, மென்பொருளிலிருந்து 31.19 கிலோஹெர்ட்ஸ் சுத்தத் தொனியை 100 விழுக்காட்டில் அனுப்புங்கள். கணினியில் செருகும் மலிவான ரேடியோ ரிசீவரான ஆர்டிஎல் எஸ்டிஆர் டாங்கிளில் அலைப்பட்டையைப் பார்த்துக்கொண்டு டிரான்ஸ்மிட்டரின் உள்ளீட்டை மெல்ல ஏற்றுங்கள். நடுவிலுள்ள கேரியர் (ஒலியைச் சுமக்கும் அடிப்படை அலை) முதன்முறை மறையும் புள்ளியில் உங்கள் டீவியேஷன் சரியாக 75. அதற்கப்புறம் அந்தக் குமிழைத் தொடவேண்டாம், எல்லாமே மென்பொருளில்தான். பைலட்டை 9 விழுக்காட்டில் வையுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஈப்போ பக்கம் கிளெடாங் மலைமேல் நிற்கும் கோபுரங்களோடு உங்கள் மாடி ஆண்டெனா போட்டிபோட முடியாது. தோட்டத்து ஓரங்களில் சிக்னல் தளரும்போது கார் ரேடியோ தானாகவே மோனோவுக்கு இறங்கிவிடும். அங்கே இடவலப் பிரிப்பைவிட பேச்சுத் தெளிவுதான் முக்கியம், ஸ்டீரியோ டூலை அதற்கேற்ப மென்மையாக வையுங்கள்.

நீங்கள் பார்த்து வைத்த இரண்டில், பழைய பிசிஐ கார்டை மாட்டும் துளை இன்றைய கணினிகளில் பெரும்பாலும் இல்லை, புதிய விண்டோஸுக்கு டிரைவர் கிடைப்பதும் சந்தேகம். அதை விட்டுவிடுங்கள். யுஎஸ்பி பெட்டியை, திருப்பிக் கொடுக்கலாம் என்ற உறுதியோடு வாங்கி, அந்த ஸ்வீப்பையும் சதுர அலையையும் முதல் நாளே ஓட்டிப் பாருங்கள். இரண்டிலும் தேறினால் வைத்துக்கொள்ளுங்கள். டிரான்ஸ்மிட்டரில் பிஎன்சி துளையே இல்லையென்றால் அதையும் வாங்கவேண்டாம், அந்த வெள்ளியை ஒரு நல்ல மைக்கில் போடுங்கள்.