மறுகுடியேற்றப் பகுதியில் சமூகப் பணிக்கு மூன்றாண்டு நிதி: கையெழுத்துக்கு முன் எதைப் பார்க்க வேண்டும்?

சென்னையை ஒட்டிய பெரும்பாக்கம் போன்ற வீட்டுவசதி வாரியக் குடியிருப்பில் அக்கம்பக்கத்தாரைச் சேர்த்துவைக்கும் வேலைக்கு ஓர் அறக்கட்டளை மூன்றாண்டு நிதி தர முன்வந்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள்.

முதலில் தவணை விதியைப் படியுங்கள். ‘ஆண்டுதோறும் பரிசீலித்துப் புதுப்பிக்கப்படும்’ என்றிருந்தால் அது மூன்றாண்டு நிதியே இல்லை. மார்ச்சில் நிதியாண்டு முடிவதால், டிசம்பர் தாண்டினாலே களப்பணியாளர்கள் வேறு வேலை தேட ஆரம்பித்துவிடுவார்கள். கூவம், அடையாறு கரைகளில் வெவ்வேறு பகுதிகளிலிருந்து கொண்டுவந்து ஒரே பிளாக்கில் குடியேற்றப்பட்டவர்கள், புதுமுகம் ஒன்று கூப்பிட்டதும் கூட்டத்துக்கு வந்து உட்காரமாட்டார்கள். ஆள் மாறினால் பழக்கத்தை மறுபடி முதலிலிருந்து பிடிக்க வேண்டும்.

அதனால் பட்ஜெட்டில் பெரும்பங்கு சம்பளமாக இருப்பதில் தப்பில்லை. ஆனால் உயர்வைச் சேர்த்துப் போடுங்கள். முதலாண்டு 12 லட்சம், ஆண்டுக்கு 8% உயர்வு என்றால் மூன்றாண்டுக்கு 38.96 லட்சம். வெறும் 36 லட்சம் கேட்டால் கிட்டத்தட்ட 3 லட்சம் துண்டு விழும்.

தவணையை ஏப்ரல், அக்டோபரில் கேளுங்கள். மார்ச்சில் வந்தால், வரிவிலக்குக்கு அமைப்பின் வருமானத்தில் 85% அந்த நிதியாண்டுக்குள் செலவாக வேண்டும் என்ற வரி விதி இடிக்கும். பணத்தை ஐந்தாண்டு வரை சேர்த்துவைக்க வழி உண்டு. அதற்கு நோக்கத்தைக் குறிப்பிட்டு, கெடுவுக்குள் படிவம் தாக்கல் செய்ய வேண்டும். ஆடிட்டர்கள் இதைக் கடைசி நேரத்தில்தான் ஞாபகப்படுத்துவார்கள்!

வெளிநாட்டு நிதியா? வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் (எஃப்சிஆர்ஏ) 2020 திருத்தத்துக்குப் பிறகு நிர்வாகச் செலவு 20%-ஐத் தாண்டக்கூடாது, வேறு அமைப்புக்குப் பிரித்துக் கொடுக்கவும் முடியாது. ‘உள்ளூர் மன்றங்களுக்கு நிதி வழங்குவோம்’ என்று திட்டத்தில் எழுதியிருந்தால் இப்போதே எடுத்துவிடுங்கள். எஃப்சிஆர்ஏ பதிவு ஐந்தாண்டுக்குத்தான் செல்லும். திட்டத்தின் நடுவில் முடிகிறதா என்று பாருங்கள்.

பெரும்பாலும் கோட்டைவிடும் இடம் அளவீடு. வருகைப் பதிவைக் காட்டச் சம்மதித்தால், வேலை மெல்ல விழா நடத்துவதாக மாறிவிடும். பிரியாணி போட்டால் 200 பேர் வருவார்கள். அதை வைத்து என்ன சொல்ல முடியும்? அதற்குப் பதில், முதல் நிகழ்ச்சிக்கு முன்பே 60 வீடுகளில் கேளுங்கள்: ராத்திரி அவசரமென்றால் தயங்காமல் கதவைத் தட்ட இந்த பிளாக்கில் எத்தனை வீடு? லிஃப்ட் நின்றால் யாரோடு சேர்ந்து புகார் கொடுப்பீர்கள்? ஆண்டுதோறும் அதே வீடுகள், அதே கேள்விகள். கேட்பவர் உங்கள் பணியாளராக இருக்கக்கூடாது. முகத்துக்காக நல்லதாகச் சொல்லிவிடுவார்கள். ஆறு மாதம் கழித்து ஆரம்ப அளவை எடுத்தால் மாற்றமே தெரியாது.

ஃபோர்டு அறக்கட்டளை 2016-இல் தொடங்கிய ‘பில்ட்’ திட்டம் ஐந்தாண்டு நிதியை, அமைப்பே செலவைத் தீர்மானிக்கும்படி கொடுத்தது. உங்களுக்கு அவ்வளவு கிடைக்காது. பட்ஜெட்டின் செலவுத் தலைப்புகளுக்கிடையே 15% வரை முன்அனுமதியின்றி மாற்றிக்கொள்ளும் உரிமையையாவது கேளுங்கள். நிதியை நீட்டிப்பதா நிறுத்துவதா என்பதை மூன்றாமாண்டு தொடங்கும்போதே எழுத்தில் சொல்ல வேண்டும் என்றும் ஒரு விதி சேருங்கள்.