ஹேக்கர் முகாமுக்கு முதல்முறை போகிறீர்களா? கேபிளிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: ஐரோப்பாவில் தொழில்நுட்ப ஆர்வலர்கள் கூடும் திறந்தவெளி ஹேக்கர் முகாம் ஒன்றுக்கு டிக்கெட் கிடைத்திருக்கிறது. ஐந்து நாள் கூடாரத்தில் தங்க வேண்டும். அரங்கத்துக்குள் நடக்கும் மாநாடுகளுக்குப் போய்ப் பழக்கம் உண்டு, இது புதிது. கூடாரத்தில் கரன்ட், இணையம் இருக்குமா? அத்தனை ஹேக்கர்கள் நடுவே லேப்டாப்பைக் கொண்டுபோகலாமா? என்னென்ன எடுத்து வைக்க வேண்டும்?

பதில்: கரன்ட், இணையம் இரண்டும் இருக்கும். ஆனால் திடலில் ஆங்காங்கே நிற்கும் பெட்டி வரைக்கும்தான் அமைப்பாளர்கள் கொண்டுவந்து தருவார்கள். அங்கிருந்து உங்கள் கூடாரம் வரை உங்கள் கேபிள், உங்கள் பொறுப்பு. ஜெர்மனியில் 1999இல் தொடங்கி நான்கு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் கேயாஸ் கம்யூனிகேஷன் கேம்ப், நெதர்லாந்தில் 1993 முதல் ஒவ்வொரு முறையும் புதுப் பெயரில் நடந்துவரும் முகாம்கள், இங்கிலாந்தில் 2012இல் தொடங்கிய எலக்ட்ரோமேக்னடிக் ஃபீல்ட் எல்லாவற்றிலும் இதுதான் நடைமுறை. நடத்துகிறவர்கள் தன்னார்வலர்கள். வருகிறவர்களும் கைகொடுத்தால்தான் முகாம் ஓடும்.

முதலில் கரன்ட். ஜெர்மனி, நெதர்லாந்தில் 230 வோல்ட், உருண்டை முள் இரண்டு கொண்ட ஷூகோ பிளக். இங்கிலாந்தில் செவ்வக முள் மூன்று கொண்ட பிளக். பெட்டியிலிருந்து கூடாரத்துக்கு 25 மீட்டர் பெரும்பாலும் போதும், 50 மீட்டர் இருந்தால் நல்ல இடமாகப் பார்த்துக் கூடாரம் போடலாம். வெளிப்புறத்துக்கான ரப்பர் உறை கேபிளாகவே இருக்கட்டும். உறையின் மேல் ஹெச்07ஆர்என்-எஃப் என்று அச்சிட்டிருக்கும். வீட்டுக்குள் பயன்படுத்தும் வெள்ளை பிளாஸ்டிக் எக்ஸ்டென்ஷன் ஈரப் புல்லில் கிடக்கவும், மிதிபடவும் செய்யப்பட்டதல்ல. 1.5 சதுர மி.மீ. கம்பியில் 50 மீட்டர் தூரத்துக்கு 10 ஆம்பியர் இழுத்தால் சுமார் 12 வோல்ட் வழியிலேயே போய்விடும். லேப்டாப், விளக்கு மட்டும் என்றால் இந்தக் கணக்கே வேண்டாம். ஒரு கூட்டமே அந்தக் கேபிளில் தொங்கப்போகிறது என்றால் 2.5 சதுர மி.மீ. வாங்குங்கள். சக்கரத்தில் சுற்றிய கேபிளை முழுவதும் பிரித்துவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும். சுற்றியபடியே அதிக லோடு கொடுத்தால் சூடு வெளியேற வழியில்லாமல் உறை உருகும். பிரித்தால் எத்தனை வாட், சுற்றியிருந்தால் எத்தனை வாட் என்று சக்கரத்திலேயே எழுதியிருப்பார்கள்.

முகாமில் பெரிய தலைவலி மின்கெட்டில். ஒரு லேப்டாப் சார்ஜர் 65 வாட், ஒரு கெட்டில் 2000 வாட். ஷூகோ பிளக் ஒன்றின் உச்ச அளவே 16 ஆம்பியர், அதாவது சுமார் 3700 வாட்தான். இரண்டு கூடாரத்தில் ஒரே நேரத்தில் தண்ணீர் கொதிக்க வைத்தால் அந்த வரிசை முழுக்க இருட்டு. கெட்டில், ஹீட்டர், ஹேர் ட்ரையர் மூன்றையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். கரன்ட் போவதற்கு இன்னொரு காரணம் ஈரம். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே ட்ரிப் ஆகும் பாதுகாப்பு சுவிட்ச் பெட்டியில் இருக்கும். மழையில் நனைந்த ஒரே ஒரு இணைப்பு போதும், அது விழுந்துவிடும். ஆகவே பிளக்கும் சாக்கெட்டும் சேரும் இடம் தரையில் கிடக்கக் கூடாது. மேசைக் காலில் முழங்கால் உயரத்தில், சாக்கெட்டின் வாய் கீழே பார்க்கும்படி கட்டுங்கள். கேபிள் சாக்கெட்டுக்குள் நுழைவதற்கு முன் ஒரு சாண் கீழே தொங்கி, வளைந்து மேலேறட்டும். வழிந்துவரும் மழைத்தண்ணீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், சாக்கெட்டுக்குள் ஏறாது. டிராவல் அடாப்டரைக் கூடாரத்துக்கு உள்ளே, கடைசி முனையில் மட்டும் போடுங்கள். அவற்றில் பலவற்றுக்கு எர்த் இணைப்பு கிடையாது, மழைக்கும் தாங்காது.

இணையப் பெட்டிதான் முதல்முறை போகிறவர்களைத் திகைக்க வைக்கும். ஒரு இணைய இணைப்பைப் பல கேபிள்களுக்குப் பிரித்துத் தரும் நெட்வொர்க் சுவிட்சுகளை வைக்க, கட்டுமான இடங்களில் பார்க்கிறோமே, அந்த நடமாடும் கழிப்பறைக் கூண்டு! புதிதாக, சுத்தமாகத்தான் இருக்கும். மழை புகாது, பூட்டலாம், லாரியில் ஏற்றி இறக்குவது எளிது. டேட்டன்க்ளோ என்று ஜெர்மன் மொழியில் சொல்கிறார்கள். பல முகாம்களில் கேபிளின் ஒரு முனையைத் துளை வழியாக உள்ளே தள்ளிவிட்டால் நெட்வொர்க் குழுவே செருகிக் கொடுக்கும். நீங்களாகத் திறக்கக் கூடாது. முனையில் உங்கள் பெயரை ஒட்டிவையுங்கள். 50 மீட்டர் ஈதர்நெட் கேபிள் எடுத்துப்போங்கள். உள்ளே முழுச் செம்பா, அலுமினியத்துக்குச் செம்புப் பூச்சா என்று பார்த்து வாங்க வேண்டும். பூச்சுக் கேபிள் சுருட்டி விரிக்கும்போது உள்ளுக்குள் எளிதில் ஒடிந்துபோகலாம்.

வீட்டு ரவுட்டர் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. தெரியாமல் அதன் லேன் போர்ட்டில் முகாமின் கேபிளைச் செருகிவிட்டால், அது அக்கம்பக்கத்தாருக்கெல்லாம் தன்னிஷ்டத்துக்கு ஐபி முகவரி வழங்க ஆரம்பிக்கும். நெட்வொர்க் குழு உங்கள் போர்ட்டையே மூடிவிடும். சொந்த வைஃபையும் இடைஞ்சல்தான். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் மூன்று, நான்குக்கு மேல் இல்லை. நண்பர்களோடு பகிர ஐந்து போர்ட் கொண்ட சாதாரண சுவிட்ச் போதும்.

லேப்டாப்பைத் தாராளமாகக் கொண்டுபோகலாம். பயப்பட வேண்டியது பக்கத்துக் கூடாரத்து ஹேக்கரை அல்ல, விடியற்காலைப் பனியை. ஆகஸ்ட்டிலும் இரவில் 10 டிகிரிக்குக் கீழே இறங்கலாம், காலையில் கூடாரத்தின் உட்புறம் சொட்டச் சொட்ட நனைந்திருக்கும். தூங்கப் போகும்முன் லேப்டாப்பை நீர் புகாத பைக்குள் போட்டு மூடிவிடுங்கள்.

ஆனாலும் செய்ய வேண்டியவை உண்டு, அதுவும் கிளம்புவதற்கு முன்பே. அப்டேட்டுகள், டிஸ்க் என்க்ரிப்ஷன், வீட்டில் ஒரு பேக்கப். அப்புறம், வீட்டில் ரவுட்டருக்குப் பின்னால் ஒளிந்திருந்து பழகிய கணினிக்கு இங்கே நேரடியான பொது ஐபி முகவரி கிடைக்கலாம், நடுவில் ஃபயர்வால் இல்லாமலும் இருக்கலாம். சோதனைக்காக எப்போதோ ஓடவிட்டு மறந்த டேட்டாபேஸ், ஃபைல் ஷேரிங், தூரத்திலிருந்து கணினிக்குள் நுழைய உதவும், பாஸ்வேர்டு மட்டும் கேட்கும் எஸ்எஸ்ஹெச் எல்லாம் உலகத்துக்கே திறந்த கதவாகிவிடும். மென்பொருள்கள் வெளியுலகோடு பேசும் வாசல்களான போர்ட்டுகளில் எவையெவை திறந்திருக்கின்றன என்று பார்த்து, தேவையில்லாதவற்றை நிறுத்துங்கள். வைஃபையில் எந்தப் பெயரும் எந்தப் பாஸ்வேர்டும் கொடுத்தாலும் உள்ளே விடும் என்க்ரிப்ட் செய்த நெட்வொர்க் ஒன்று வழக்கமாக இருக்கும். கேலிக்கூத்துபோலத் தோன்றும், ஆனால் ஒவ்வொருவருக்கும் தனிச் சாவி கிடைப்பதால் பக்கத்தில் இருப்பவர் உங்கள் டிராஃபிக்கைப் படிக்க முடியாது. அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: முகாம் அறிவிக்கும் சர்வர் பெயரையும் சான்றிதழ் சரிபார்ப்பையும் போனில் அமைக்க வேண்டும். சரிபார்க்க வேண்டாம் என்று விட்டுவிட்டால் அதே பெயரில் யாரோ வைத்த போலி வைஃபையிலும் போன் போய் ஒட்டிக்கொள்ளும்.

விமானத்தில் போகிறவர்கள் பவர் பேங்க்கைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். 100 வாட்-ஹவர் வரை தனி அனுமதி தேவையில்லை. 20,000 எம்ஏஹெச் என்றால் 3.7 வோல்ட்டால் பெருக்கி 74 வாட்-ஹவர், சரியாகப் போயிற்று. உதிரி லித்தியம் செல்களின் முனைகளில் டேப் ஒட்டி, அவற்றையும் கைப்பையில் வையுங்கள். கேஸில் எரியும் சால்டரிங் அயர்ன் விமானத்தில் ஏறாது, யூஎஸ்பி-சியில் ஓடுவதை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்லீப்பிங் பேக் வாங்கும்போது அதில் போட்டிருக்கும் கம்ஃபர்ட் அளவை, அதாவது எத்தனை டிகிரி வரை வசதியாகத் தூங்கலாம் என்பதைப் பாருங்கள், 5 டிகிரி இருந்தால் நல்லது. லிமிட் என்று போட்டிருப்பதை நம்பி வாங்கினால் குளிரில் தூக்கம் வராது. காதடைப்பான், நெற்றி விளக்கு, மழைச்சட்டை, தட்டு, டம்ளர் கட்டாயம்.

முகாமுக்கென்றே சொந்தத் தொலைபேசி இணைப்பகம் இயங்கும். ஐரோப்பிய அலைவரிசையில், 1880 முதல் 1900 மெகாஹெர்ட்ஸ் வரை வேலை செய்யும் பழைய டெக்ட் கார்ட்லெஸ் போன் கிடைத்தால் எடுத்துப்போய், முன்கூட்டியே ஒரு எண்ணைப் பதிவு செய்யுங்கள். அமெரிக்க மாடல் வேறு அலைவரிசை, உதவாது. பேட்ஜ் என்று கழுத்தில் மாட்டக் கொடுப்பதும் பெரும்பாலும் ஒரு குட்டிக் கணினிதான். 2015 ஜெர்மன் முகாமில் அது மென்பொருளால் அலைகளைக் கையாளும் சாஃப்ட்வேர் ரேடியோ. 2023இல் இசைக்கருவி. முதல் நாள் அதன் மென்பொருளில் கோளாறு இருப்பது சகஜம், அப்டேட் வந்துகொண்டே இருக்கும். அதற்கு டேட்டா போகும் யூஎஸ்பி கேபிள் வேண்டும். வெறுமனே சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிளைச் செருகிவிட்டு பேட்ஜ் பழுது என்று வரிசையில் நிற்கிறவர்கள் நிறைய.

உரைகளுக்காக ஓடாதீர்கள். பெரும்பாலானவை பதிவாகி இணையத்தில் வந்துவிடும். பயிற்சிப் பட்டறையும், கூடாரங்கள் சேர்ந்து அமைக்கும் ‘கிராமங்களும்’ பதிவாவதில்லை, உங்கள் நேரத்தை அங்கே செலவிடுங்கள். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால் எவரும் உட்கார வைத்துக் காட்டுவார்கள். கேட்காமல் மட்டும் யாரையும் படம் எடுக்காதீர்கள். இந்த முகாம்களில் அது கடுமையான விதி. தினம் ஒரு ஷிஃப்டாவது தன்னார்வலராக நில்லுங்கள், ஆள் தெரியாத இடத்தில் நண்பர்கள் கிடைக்க அதைவிட நேர்வழி இல்லை.

கடைசி நாள் பெட்டியில் கரன்ட் எப்போது நிறுத்தப்படும் என்று முன்பே விசாரித்து, அதற்குள் போனை சார்ஜ் செய்துகொள்ளுங்கள். இழுத்த கேபிளைத் துடைத்துச் சுருட்டுங்கள். கூடாரத்துக்கு அடித்த முளைகளை எண்ணி எடுங்கள், புல்லில் விட்டுப்போன ஒரு முளை புல்வெட்டும் இயந்திரத்தின் பிளேடை உடைத்துவிடும்.