கல்நெஞ்சுக்காரியா நான்? – ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

சாட்ஸ்வர்த்தில் இருக்கிறேன். நர்ஸ் வேலை, பெரும்பாலும் நைட் டியூட்டி. அம்மாவைக் கடைசி வருடம் முழுக்க நான்தான் பார்த்துக்கொண்டேன். இந்த ஆடியில் கோயிலில் கூழ் ஊற்றும் அன்று, ஜொகானஸ்பர்க்கிலிருந்து வந்த தம்பி சொந்தக்காரர்கள் முன்னால், "நீ ஒழுங்காகக் கவனித்திருந்தால் அம்மா இருந்திருப்பாள்" என்று சொல்லிவிட்டான். அப்புறம் ஃபோனில் மன்னிப்புக் கேட்டான். பிள்ளைகள் எதைப் போட்டு உடைத்தாலும் 'போகட்டும்' என்று விட்டுவிடுகிற எனக்கு இவனை மன்னிக்க முடியவில்லை. "இந்த நாடே மன்னித்தது, கூடப்பிறந்தவனை மன்னிக்க உனக்கு மனசில்லையா?" என்கிறார் சித்தி. நான் கல்நெஞ்சுக்காரியா?

ஒரு வாசகி, டர்பன்

அன்புள்ள சகோதரி,

முதலில் சித்தி. இந்த வசனத்தைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. நிறவெறி ஆட்சி முடிந்தபின், பேராயர் டெஸ்மண்ட் டூட்டு தலைமையில் தென்னாப்பிரிக்காவில் 1996-இல் விசாரணைகளைத் தொடங்கிய உண்மை, நல்லிணக்க ஆணையம், அரசியல் காரணத்துக்காகக் குற்றம் செய்தவர் நடந்ததை முழுதாகச் சொன்னால் பொதுமன்னிப்பு கொடுக்கலாம் என்று இருந்தது. பாதிக்கப்பட்டவர் மன்னித்தே ஆகவேண்டும் என்று எந்தச் சட்டமும் கேட்கவில்லை. டூட்டு மன்னிப்பைப் பற்றி உருகிப் பேசினார்தான், ஆனால் நிறவெறியை எதிர்த்துப் போராடி போலீஸ் காவலில் இறந்த ஸ்டீவ் பீகோவின் குடும்பம் அந்தப் பொதுமன்னிப்பையே எதிர்த்து அரசியலமைப்பு நீதிமன்றம் வரை போனது (தோற்றது, அது வேறு விஷயம்). சித்தியிடம் இதைச் சொல்லுங்கள். அல்லது வேண்டாம், சண்டை வரும்.

நான் நின்று படித்தது, போகிற போக்கில் நீங்கள் எழுதிய பிள்ளைகள் விஷயத்தைத்தான். கோபப்படவும் தெம்பு வேண்டும். சின்னத் தப்புக்கு அதைச் செலவழிக்க அலுப்பாக இருக்கும், விட்டுவிடுவோம். ஸ்டாண்டன், ஃபிங்கெல் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2012-இல் கிட்டத்தட்ட இதைத்தான் எழுதினார்கள். பெரிய காயம் அப்படி விடாது. அந்த ஒரு வாக்கியம் தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும், ஒவ்வொரு தடவையும் பிடித்து நிறுத்தவேண்டும், ராத்திரி முழுக்க வார்டில் நின்றுவிட்டு வந்து பகல் வெளிச்சத்தில் தூங்கப் பார்க்கிறவளுக்கு அதற்கு எங்கே தெம்பு மிச்சம்? ஆனால் அந்த ஆய்வுக்கு அடிப்படையான, மனவலிமை பேட்டரி மாதிரி தீர்ந்துபோகும் என்ற கொள்கையே இப்போது ஆட்டம் கண்டிருக்கிறது, 2016-இல் 23 ஆய்வகங்கள் சேர்ந்து சோதித்தபோது அநேகமாக ஒன்றும் தேறவில்லை. அதனால் ஆய்வுகளைவிட உங்கள் கடிதத்தைத்தான் நான் நம்புகிறேன்.

தம்பியிடமும் 'போகட்டும்' என்று சொல்லித் தொலைக்கலாம். வேண்டாம். பேச்சை முடித்துவிட்டுப் படுக்கப் போகிற அவசரத்தில் சொல்கிற அந்த வார்த்தை அடுத்த கல்யாணத்தில் கிளம்பி வரும். டியூட்டி முடிந்த காலையில் அவன் ஃபோனை எடுக்காதீர்கள். "நீ மன்னிப்புக் கேட்டது மனசில் இருக்கிறது, பதில் சொல்ல நாளாகும்" என்று ஒரு வாட்ஸ்அப் போதும். லீவு போட்டு நாலு ராத்திரி நன்றாகத் தூங்கி எழுந்த பிறகும் இதே கசப்பு இருந்தால் பழியைக் களைப்பின் மேல் போடமுடியாது. அவன் எல்லார் முன்னாலும் சொன்னான், மன்னிப்பை மட்டும் ஃபோனில் தனியாகக் கேட்டான், உங்களுக்கு உறுத்துவது அதுவாகக்கூட இருக்கலாம். புரட்டாசி விரதம் முடிந்து குடும்பம் கூடும்போது, அதே சொந்தக்காரர்கள் முன்னால் அந்தப் பேச்சைத் திரும்ப எடுத்துக்கொள்வானா என்று கேட்டுப் பாருங்கள்.