நீலகிரியில் இறந்தவரை ஆறு கடத்தும் ஓடக்காரர் கதை உண்டா?

தோடர் மரபில் ஆறு உண்டு, ஓடக்காரர் இல்லை. மறுவுலகான அம்னோடருக்குப் போகும் வழியில் ஓர் ஆறு. குறுக்கே வெறும் நூல்தான் பாலம். குற்றம் செய்தவர் கால் வைத்தால் அட்டைகள் நெளியும் நீரில் விழுவார். (மழைக்காலத்தில் சோலைக்குள் நடந்தவருக்கு இந்தத் தண்டனை புரியும்!) கிரேக்கரின் கேரான் பிணத்தின் வாயில் வைத்த காசை வாங்கிக்கொண்டு அக்கரை சேர்ப்பான், இங்கே கூலி பேச ஆளே கிடையாது. கங்கையில் இராமனைக் கடத்திவிட்ட குகனோ உயிரோடிருப்பவர்களின் ஓடக்காரன்.

அந்தத் தொழில் நம் பக்கம் மலையடிவாரத் தெங்குமரஹாடாவில் உண்டு. நீலகிரி மாவட்டம்தான், ஆனால் பவானிசாகர் வழியாக வந்து மாயாற்றைப் பரிசலில் கடக்க வேண்டும். வட்டப் பரிசலுக்கு முன்பக்கம் பின்பக்கம் கிடையாது; துடுப்பு போடத் தெரியாதவர் கையில் நின்ற இடத்திலேயே சுற்றும். ஆற்றில் வெள்ளம் வந்தால் அதுவும் ஓடாது, ஊரே துண்டிக்கப்படும்.